எந்த ஊர்? எந்த ஆண்டு? வீட்டில் சின்ன ரெயில் அமைப்போர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி

பலகையின் மேல் ஓடும் சின்ன ரெயில் என்றதும், அது குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சாவி கொடுத்தால் வட்டமாகச் சுற்றும் தகர ரெயில் வேறு. உண்மையான ரெயில் பாதையை அதன் ஸ்டேஷன், கைகாட்டி மரம், கூட்ஸ் ஷெட், வாசலில் உள்ள டீக்கடை உள்பட, கணக்குப் போட்டுச் சிறியதாக்கி அமைப்பது வேறு. இந்த இரண்டாவது வகையில் ஈடுபடுகிறவர்கள் பெரும்பாலும் வயது வந்தவர்களே.

மும்பையில் வாழும் தமிழருக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. அவர்கள் வேலைக்குப் போவது லோக்கல் ரெயிலில். ஊருக்குப் போவது மெயில் வண்டியில். பலருடைய தகப்பனாரும் பாட்டனாரும் இந்த நகரத்தை முதன்முதலில் பார்த்ததே ரெயில் ஜன்னல் வழியாகத்தான்.

ஆசை வந்ததும் முதல் காரியமாக ஓர் என்ஜின் வாங்கி விடுகிறார்கள். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. முதலில் தீர்மானிக்க வேண்டியது என்ஜின் அல்ல. எந்த ஊர், எந்த ஆண்டு என்பதே முதல் கேள்வி.

கதம்பம் ஆகிவிடும்

கடையில் பார்வைக்கு அழகாக இருந்த ஒரு நீராவி என்ஜினை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக் கொள்வோம். அடுத்த மாதச் சம்பளத்தில் நீல நிறப் பெட்டிகள் நாலு வருகின்றன. தீபாவளி போனசில் ஒரு மின்சார என்ஜின். பிறகு ஒரு சுரங்கம், ஒரு பாலம், கைகாட்டி மரம் ஒன்று, வண்ண விளக்கு சிக்னல் ஒன்று.

எல்லாவற்றையும் பலகையில் அடுக்கிப் பார்த்தால் ஒன்றோடு ஒன்று ஒட்டாது. ரெயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்து பார்த்து, "இது எந்த லைன்?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் பணம் செலவாகியிருக்கும். வண்டியும் ஓடும். ஆனால் அது எந்த ஊருக்கும் போகாது.

முதலில் ஊரையும் ஆண்டையும் முடிவு செய்தவருக்கு இந்தத் தொல்லை இல்லை. எதை வாங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். எதை வாங்கக் கூடாது என்பது அதைவிட நன்றாகத் தெரியும். சம்பளக்காரருக்கு இந்த இரண்டாவது அறிவுதான் பெரிய லாபம்.

ஆண்டைக் காட்டும் சாட்சிகள்

ரெயில்வேயில் ஒவ்வொரு பொருளுக்கும் பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் உண்டு.

துப்பாக்கிக் குண்டு போன்ற மூக்கு உடைய டபிள்யூ.பி. வகை நீராவி என்ஜின் நம் நாட்டுக்கு வந்தது 1947-ல். சித்தரஞ்சன் தொழிற்சாலையின் முதல் நீராவி என்ஜின் வெளிவந்தது 1950-ல். பெரம்பூர் ரெயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் தொடங்கியது. டபிள்யூ.டி.எம்.2 வகை டீசல் என்ஜின் 1962-ல் வந்து இறங்கியது. பிராட் கேஜ் பாதையில் நீராவி என்ஜினின் வழக்கமான ஓட்டம் 1995-ல் முடிந்தது.

பெரம்பூர்ப் பெட்டிகள் பல ஆண்டுகள் செங்கல் சிவப்பு நிறத்தில் ஓடின. நீல நிறம் பரவியது 1990-களில்தான். ஆகவே டபிள்யூ.பி. என்ஜினுக்குப் பின்னால் முழுக்க நீலப் பெட்டிகள் கோத்து, அதை 1970-ம் ஆண்டு மெயில் வண்டி என்று காட்டினால் விஷயம் தெரிந்தவர் சிரித்து விடுவார்.

பெட்டியின் மேல் எழுதும் எழுத்திலும் கவனம் தேவை. தென்னிந்திய ரெயில்வே, மதராஸ் தென் மராட்டா ரெயில்வே, மைசூர் ரெயில்வே ஆகிய மூன்றும் சேர்ந்து தெற்கு ரெயில்வே ஆனது 1951 ஏப்ரல் 14-ந் தேதி. அதற்கு முந்திய காலத்தைக் காட்டுகிறவர் பெட்டியில் தெற்கு ரெயில்வே என்று எழுத முடியாது. மூன்றாம் வகுப்பு 1974-ல் ஒழிந்தது. அதற்குப் பிந்திய காலத்தைக் காட்டுகிறவர் மூன்றாம் வகுப்புப் பெட்டியைச் சேர்க்க முடியாது.

ரெயிலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூடக் கண்டுபிடித்து விடும் சாட்சிகளும் உண்டு. ஸ்டேஷன் வாசலில் மாருதி கார் நின்றால் அது 1983 டிசம்பருக்குப் பிந்திய காலம். டீக்கடைப் பலகையில் விலை அணாவில் எழுதியிருந்தால், காசு கணக்கு மாறிய 1957-ஐ ஒட்டிய காலம் அல்லது அதற்கு முன். சுவரில் 'திருவிளையாடல்' படத்தின் போஸ்டர் இருந்தால் 1965-க்கு முன்னால் போகவே முடியாது. அரசாங்க அறிவிப்புப் பலகையில் தமிழ்நாடு என்று இருந்தால் 1969-க்குப் பிறகு.

இவை சில்லறை விஷயங்கள் போலத் தோன்றும். ஆனால் பார்க்கிறவரின் கண் என்ஜினைவிட முதலில் போஸ்டரில்தான் போய் நிற்கும்.

மாறும் காலம்

ஒரே ஆண்டு என்றால் ஒரே வகை வண்டிதானே ஓடும், சலிப்புத் தட்டாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கு வழி இருக்கிறது. பழையது போய்ப் புதியது வரும் ஆண்டைத் தேர்ந்தெடுக்கலாம்.

1970-ஐ ஒட்டிய நாலைந்து ஆண்டுகள் அப்படிப்பட்டவை. மெயில் வண்டிக்கு டீசல் என்ஜின் வந்துவிட்டது. பாசஞ்சருக்கும் கூட்சுக்கும் நீராவி என்ஜின் தொடர்ந்தது. தண்ணீர்க் குழாயும் கரி மேடும் இருந்தன. பக்கத்திலேயே டீசல் தொட்டியும் வந்தது. நீராவி என்ஜின் மேல் ஆசை உள்ளவருக்கும் டீசல் மேல் ஆசை உள்ளவருக்கும் ஒரே பலகையில், உண்மைக்கு மாறில்லாமல், இடம் கிடைக்கும்.

இடம் சொல்லும் கணக்கு

ஆண்டு போலவே இடமும் தன் கணக்கைக் கையோடு கொண்டு வருகிறது. முதல் கணக்கு தண்டவாள அகலம். நம் நாட்டு பிராட் கேஜ் 1676 மில்லிமீட்டர். மீட்டர் கேஜ் 1000 மில்லிமீட்டர். மேல்நாடுகளில் பொதுவாக உள்ள அகலம் 1435 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் சின்ன ரெயில்கள் பெரும்பாலும் அந்த மேல்நாட்டு அகலத்துக்காகச் செய்யப்பட்டவை.

உலகில் அதிகம் பேர் பயன்படுத்துவது எச்.ஓ. என்ற அளவு. உண்மைப் பொருளில் 87-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர் அகலம். நம் பிராட் கேஜை 87-ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. ஆகவே எச்.ஓ. தண்டவாளத்தில் நம் வண்டியை நிறுத்தினால், உடல் பெரிதாகவும் கால் குறுகலாகவும் தெரியும். பலர் இதைப் பொறுத்துக் கொள்கிறார்கள். சிலர் 19 மில்லிமீட்டர் பாதையைத் தாங்களே அமைக்கிறார்கள்.

மீட்டர் கேஜ் எடுத்துக் கொள்கிறவருக்கு இந்தச் சங்கடம் குறைவு. ஆயிரத்தை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை மில்லிமீட்டர். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. சுவிட்சர்லாந்தில் மீட்டர் கேஜ் மலை ரெயில்கள் பல இன்றும் ஓடுவதால், அந்த அளவுக்கான சக்கரங்களும் அடிச்சட்டங்களும் செய்து விற்கப்படுகின்றன. மேலே உள்ள உடலைத் தகட்டிலோ அட்டையிலோ நாமே செய்து கொள்ளலாம்.

எட்டு அடிப் பலகை

அடுத்த கணக்கு நீளம். மும்பையில் ஓர் அறைக் குடித்தனத்தில் பெரிய மேஜைக்கு ஏது இடம்? கட்டிலுக்கு மேலே, சுவரோடு ஒட்டி, எட்டு அடி நீளமும் ஓர் அடி அகலமும் உள்ள பலகை பொருத்தலாம். அதாவது சுமார் இரண்டரை மீட்டர்.

பெரம்பூரில் செய்த பிராட் கேஜ் பெட்டி ஒன்று, இரு முனைத் தாங்கிகளையும் சேர்த்து, சுமார் 22.3 மீட்டர் நீளம். எச்.ஓ. அளவில் அது 25 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். 12 பெட்டி கொண்ட எக்ஸ்பிரஸ் மூன்று மீட்டரைத் தாண்டிவிடும். என்ஜின் இல்லாமலே பலகை போதாது. 160-ல் ஒரு பங்கான என் அளவுக்குப் போனால் அதே 12 பெட்டிகள் ஒன்றேமுக்கால் மீட்டருக்குள் அடங்கும். ஆனால் பலகை முழுவதையும் ஒரே வண்டி அடைத்துக் கொள்ளும்.

நாலு பெட்டி பாசஞ்சர் என்றால் எச்.ஓ. அளவில் ஒரு மீட்டர். என்ஜினோடு சேர்த்து ஒன்றேகால் மீட்டர். பலகையில் பாதி மிச்சம். அதில் கூட்ஸ் ஷெட்டும் தண்ணீர்த் தொட்டியும் வைக்கலாம்.

ஆகவே சிறிய அறையில் இருப்பவர் சென்னை சென்ட்ரலையோ சத்திரபதி சிவாஜி மகராஜ் டெர்மினசையோ நினைத்துப் பார்க்க வேண்டாம். சிறிய ஸ்டேஷன்தான் அவருக்கு ஏற்றது. இது குறை அல்ல. பெரிய ஸ்டேஷனைச் சுருக்கி வெட்டினால் பொய்யாகத் தெரியும். சிறிய ஸ்டேஷனை முழுதாகவே வைக்க முடியும்.

இந்தக் கணக்குகளை மனதில் வைத்துக் கொண்டு மூன்று இடங்களைப் பரிசீலிக்கலாம்.

மலைப்பாதை: 1928-ஆ, 1930-ஆ?

முதல் இடம் பக்கத்திலேயே இருக்கிறது. கர்ஜத்துக்கும் லோனாவ்லாவுக்கும் இடையே உள்ள போர்காட் மலைப்பாதை 1863-ல் திறக்கப்பட்டது. கட்டும்போது ஆயிரக்கணக்கான கூலியாட்கள் நோயிலும் விபத்திலும் மாண்டு போனார்கள். மும்பைப் பக்கத்து ரெயிலும் சென்னைப் பக்கத்து ரெயிலும் 1871-ல் ராய்ச்சூரில் சந்தித்த பிறகு, அந்த வழியே வந்த தமிழர் அனைவரும் இந்த மலையில் இறங்கித்தான் வந்தார்கள். இங்கிருந்து போகிற வண்டிகளுக்குக் கர்ஜத்தில் பின்னால் தள்ளும் என்ஜின் சேர்ப்பதும், அதற்குள் பயணிகள் இறங்கி வடை வாங்குவதும் பலருக்குத் தெரிந்த காட்சி.

ஏற்றம் 37-க்கு ஒன்று. அதாவது 37 அடி போவதற்குள் ஓர் அடி உயரம். எட்டு அடிப் பலகையில் இரண்டரை அங்குலத்துக்குச் சற்று அதிகம் ஏறும். சின்ன என்ஜினுக்கும் இது மூச்சு வாங்கும் ஏற்றம்தான்.

இங்கேதான் ஆண்டு முக்கியமாகிறது. 1929 வரை கண்டாலாவுக்குக் கீழே திரும்பு ஸ்டேஷன் ஒன்று இருந்தது. வண்டி ஏறி வந்து, முட்டுச் சந்து போன்ற இடத்தில் நிற்கும். என்ஜினை எதிர்ப்புறம் மாற்றுவார்கள். பிறகு வண்டி வந்த திசைக்கு எதிராக மேலே ஏறும். 1929-ல் புதிய பாதையும் சுரங்கங்களும் வந்து, திரும்பு ஸ்டேஷன் கைவிடப்பட்டது. அதே ஆண்டு மின்சாரக் கம்பியும் புனே வரை போய்விட்டது. முதலை என்று பெயர் பெற்ற நீண்ட மூக்கு மின்சார என்ஜின்கள் கூட்ஸ் வண்டிகளை இழுத்தன. 1930 ஜூன் 1-ந் தேதி டெக்கான் குவீன், தலா ஏழு பெட்டிகள் கொண்ட இரண்டு வண்டித் தொடர்களுடன் ஓடத் தொடங்கியது.

1928 என்றால் புகை, கரி, திரும்பு ஸ்டேஷன். 1930 என்றால் கம்பி, கம்பம், டெக்கான் குவீன். இரண்டு ஆண்டு இடைவெளிதான். இரண்டையும் ஒரே பலகையில் வைக்க இயலாது.

இட வசதி குறைந்தவருக்கு 1928-ஐச் சிபாரிசு செய்யலாம். திரும்பு ஸ்டேஷன் இருப்பதால் வளைவுக்கு இடம் வேண்டாம். ஒரே பலகையில் வண்டி முன்னும் பின்னுமாகச் சென்று இரண்டு தளம் ஏறிவிடும். மாதத்தையும் முடிவு செய்து கொள்ள வேண்டும். சித்திரையில் அந்த மலை பழுப்பு. ஆடியில் முழுப் பச்சை, பாறைதோறும் அருவி.

கடல் கொண்ட ஸ்டேஷன்

இரண்டாவது இடம் தனுஷ்கோடி. 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையிலிருந்து வந்த போட் மெயில் இங்கே முடிந்தது. பயணிகள் இறங்கிக் கப்பல் ஏறினார்கள். எதிர்க்கரையில் தலைமன்னாரில் இலங்கை ரெயில் காத்திருந்தது. தோட்டத் தொழிலாளர், வியாபாரிகள், ராமேசுவரம் யாத்திரீகர்கள் என்று பலதரப்பட்ட கூட்டம். அந்தக் காலத்தில் பாம்பன் ஒரு ஜங்ஷன். ஒரு பாதை தனுஷ்கோடிக்கும் இன்னொன்று ராமேசுவரத்துக்கும் பிரிந்தன.

1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு வீசிய புயலில் கடல் புகுந்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பாம்பன் பாலத்தை ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் செப்பனிட்டு விட்டார்கள். தனுஷ்கோடிப் பாதையை மீண்டும் போடவில்லை. ஸ்டேஷனின் சுவர்கள் மட்டும் மணலில் நிற்கின்றன.

இந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறவர் புயல் நாளைக் காட்ட வேண்டியதில்லை. மாண்டவர்களின் குடும்பத்தார் இன்றும் இருக்கிறார்கள். 1963-ல் ஒரு சாதாரணக் காலை போதும். வண்டி வந்து நிற்கிறது, போர்ட்டர் மூட்டை தூக்குகிறார், கப்பல் புகை விடுகிறது. பார்க்கிறவர் ஆண்டைப் படித்ததுமே மற்றதைப் புரிந்து கொள்வார்.

பாம்பன் பாலத்தையும் சேர்க்க விரும்புவோர் கணக்கை மறக்கக் கூடாது. பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். எச்.ஓ. அளவில் 23 மீட்டரைத் தாண்டும். குடியிருப்பின் வராந்தா முழுவதும் போதாது. ஆகவே கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதியையும் இருபுறமும் சில தூண்களையும் மட்டும் வைத்து, மீதியைச் சுவர்ச் சித்திரத்தில் காட்டலாம். அந்தப் பாலத்தின் மேல் போன என்ஜின் எது என்பதைப் பழைய படத்தில் பார்த்து உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும்.

இங்கும் ஆண்டு குறுக்கே நிற்கும். பாலத்தின் மேல் பிராட் கேஜ் வந்தது 2007-ல். செங்குத்தாகத் தூக்கும் புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். புதிய பாலத்தையும் பழைய போட் மெயிலையும் சேர்த்து வைத்தால் இரண்டுக்கும் நியாயம் ஆகாது.

சொந்த ஊர் ஸ்டேஷன்

மூன்றாவது வழி எல்லாவற்றிலும் எளிது. செலவும் குறைவு. அவரவர் ஊருக்குப் பக்கத்து ஸ்டேஷன்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவிக்கும் மாதுங்காவுக்கும் வந்த குடும்பங்களுக்கு அந்தக் கால ஊர்ப் பயணம் மறக்காது. பிராட் கேஜ் வண்டியில் சென்னை சென்ட்ரல். அங்கிருந்து மூட்டை முடிச்சோடு எழும்பூர். பிறகு மீட்டர் கேஜ். பெட்டி சிறிது, ஆட்டம் அதிகம், கரித்தூள் கண்ணில் விழும். ஆனாலும் அந்த வண்டியில் ஏறியதும் பாதி ஊர் வந்துவிட்டது போல இருக்கும்.

அந்த மீட்டர் கேஜ் இன்று ஏறக்குறைய இல்லை. 1992-ல் நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டம் வந்த பிறகு, தமிழ்நாட்டில் பாதை பாதையாக மாற்றி விட்டார்கள். நீலகிரி மலை ரெயில் மட்டும் மீட்டர் கேஜில் ஓடுகிறது. மாற்றியதால் பயணிகளுக்கு நன்மையே. எழும்பூருக்கு மூட்டை தூக்கும் வேலை இல்லை. ஆனால் பழைய ஸ்டேஷன் எப்படி இருந்தது என்று ஊருக்குப் போய்ப் பார்க்க முடியாது. பிளாட்பாரம் உயர்ந்துவிட்டது, கைகாட்டி போய்விட்டது, பல இடங்களில் கட்டடமே புதிது.

இதற்குத் திருச்செந்தூர் நல்ல உதாரணம். திருநெல்வேலியிலிருந்து கிளைப் பாதை 1923-ல் அங்கே வந்தது. பாதை அங்கேயே முடிகிறது. வந்த வண்டியின் என்ஜினைக் கழற்றிப் பக்கத்துப் பாதை வழியாக மறுமுனைக்குக் கொண்டு வர வேண்டும். தண்ணீர் பிடிக்க வேண்டும். இப்படி வேலை நிறைந்த ஸ்டேஷன்தான் சின்ன ரெயிலுக்கு ஏற்றது. வட்டமாகச் சுற்றுவதைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும். என்ஜின் மாற்றும் வேலை இருந்தால் ஒரு மாலைப் பொழுதே போய்விடும்.

பலகையின் ஒரு முனையில் ஸ்டேஷன். மறுமுனையில் பனைமரக் கூட்டத்துக்குப் பின்னால் வண்டி மறைய ஓர் இடம். அந்த மறைவிடம்தான் திருநெல்வேலி. ஐப்பசியில் சூரசம்ஹாரம் என்று வைத்துக் கொண்டால் கூட்டமும் வரும், கூடுதல் வண்டியும் விடலாம்.

குறிப்பிட்ட ஸ்டேஷனைப் பற்றிப் போதிய விவரம் கிடைக்காதவர்கள் வேறொரு முறையைக் கையாளலாம். பாதை உண்மை, ஸ்டேஷன் கற்பனை. இரண்டு உண்மை ஊர்களுக்கு நடுவே இல்லாத ஓர் ஊரை வைத்து, கட்டடம், மரம், என்ஜின் எல்லாவற்றையும் அந்த வட்டாரத்துக்கும் ஆண்டுக்கும் ஏற்ப அமைப்பது. ஊர்ப் பெயர் மட்டும்தான் கற்பனை. மற்றதில் இஷ்டத்துக்குச் செய்ய இடமில்லை.

இங்கிலாந்தில் ஒருவர் செய்தது

ஆண்டைக் கறாராகப் பிடித்துக் கொண்டால் என்ன பயன் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பிறந்த ராய் இங்கிலாந்து என்பவர் 1925-ல் அந்நாட்டுக்கு வந்தார். பெயரே அப்படித்தான். ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஒரு பள்ளத்தாக்கில் கூரை வேய்ந்த பழைய குடியானவர் வீடுகளைப் பார்த்தார். அவை ஒவ்வொன்றாக இடிக்கப்படுவதையும், கூரை மாற்றப்படுவதையும் கண்டு, 1920-களிலும் 1930-களிலும் இருந்த நிலையிலேயே அவற்றைச் சிறிய உருவில் செய்து வைப்பது என்று முடிவு செய்தார். ரெயிலையும் சேர்த்தார்.

1954-ல் தொடங்கிய அந்தப் பெண்டன் அருங்காட்சியகம் இன்றும் நடக்கிறது. அங்கே புதிய காலத்து வண்டியோ காரோ நுழைய முடியாது. அதனால்தான் அது வேடிக்கைப் பொருளாக நின்றுவிடாமல், மறைந்த கிராமத்தின் பதிவேடாக இருக்கிறது.

நம் பக்கத்தில், புனே கோத்ரூடில் ஜோஷி அவர்களின் சிற்றுருவ ரெயில் அருங்காட்சியகம் 1998-ல் திறந்தது. அது கற்பனை நகரம் ஒன்றில் பல நாட்டு, பல வகை ரெயில்களை ஓடவிட்டுக் காட்டுவது. நோக்கம் வேறு. ஆனால் சின்ன ரெயில் எப்படி இயங்குகிறது என்று நேரில் பார்க்க நினைப்பவர்கள் பணம் செலவு செய்யும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்வருவது நல்லது.

கேட்டு எழுதி வைக்கலாம்

ஊரும் ஆண்டும் முடிவானதும் விவரம் சேர்க்க வேண்டும். பழைய ரெயில்வே கால அட்டவணை ஒன்று கிடைத்தால் அது பொக்கிஷம். நாளைக்கு எத்தனை வண்டி, எது எப்போது வந்தது, எது எதற்காகக் காத்து நின்றது என்பதெல்லாம் அதில் இருக்கும். குடும்ப ஆல்பத்தில், கல்யாணத்துக்கு வந்தவர்களை ஸ்டேஷனில் நிறுத்தி எடுத்த படம் ஒன்று இருக்கலாம். மனிதர்களுக்குப் பின்னால் தெரியும் சுவரும் பலகையும் கைகாட்டியும்தான் இங்கே தேவை.

எல்லாவற்றையும்விட முக்கியம் மனிதர்கள். பொன்மலையிலும் பெரம்பூரிலும் மாதுங்காப் பட்டறையிலும் வேலை பார்த்தவர்கள், பாயிண்ட்ஸ்மேனாகவும் கேங்மேனாகவும் இருந்தவர்கள், பிளாட்பாரத்தில் முறுக்கு விற்றவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். 1970-ல் இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. கரி மேடு எந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு என்ன நிறம், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு வாசலில் என்ன மரம் என்பவை எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் நினைவில்தான் இருக்கின்றன. பலகை அமைக்கும் வேலை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. கேட்டு எழுதும் வேலையைத் தள்ளிப் போடக் கூடாது.

ஊருக்கு லீவில் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் எடுத்துப் போகலாம். மிச்சம் இருக்கும் பழைய கட்டடத்தின் நீள அகலத்தை அளந்து கொள்ளலாம். ரெயில்வே இடத்துக்குள் அளப்பதானால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல்லி அனுமதி பெற்றுக்கொள்வது அவசியம். தண்டவாளத்தில் இறங்கக் கூடாது.

தீர்மானச் சீட்டு

இவ்வளவும் ஆன பிறகு ஒரு சீட்டில் நாலே வரி எழுத வேண்டும். ஊர், ஆண்டு, மாதம், பாதை அகலம். உதாரணமாக: திருச்செந்தூர், 1969, ஐப்பசி, மீட்டர் கேஜ்.

அந்தச் சீட்டைப் பலகைக்கு மேலே சுவரில் ஒட்டிவிடலாம். புதிதாக எந்தப் பொருளைப் பார்த்து ஆசைப்பட்டாலும், அது அன்றைக்கு அந்த ஊரில் இருந்ததா என்று அந்தச் சீட்டைக் கேட்டுக் கொள்ளலாம். இருந்தது என்றால் வாங்கலாம். இல்லை என்றால் பணம் மிச்சம்.

சீட்டை எழுதி ஒட்டிய பிறகு கடைக்குப் புறப்படலாம்.